பொதுக் குழாயில் வரும் குடிநீர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொதுக் குழாயில் வரும் குடிநீரைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், அதே ஐயங்கள் வெவ்வேறு ஆட்களிடமிருந்து திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலோரின் சந்தேகம் சுத்திகரிப்பு நிலையத்தின் மீதே இருக்கிறது. ஆனால் முறையாக இயங்கும் நிலையத்தை விட்டு வெளியேறிய பிறகு, குழாயிலும் தொட்டியிலும் இருக்கும் நேரத்தில்தான் நீர் கெடுவதற்கான வாய்ப்பு மிகுதி என்பது என் உறுதியான கருத்து. ஆகவே பிற்பகுதியில் அதற்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

1. ஆற்றுத் தண்ணீர் தெளிவாகத்தானே இருக்கிறது, அதை ஏன் சுத்திகரிக்க வேண்டும்?

தெளிவு என்பது நீரில் மண் கலந்திருக்கிறதா என்பதை மட்டுமே சொல்லும். காலரா, டைபாய்டு, வயிற்றுக்கடுப்பு, மஞ்சள் காமாலை போன்றவற்றைப் பரப்பும் கிருமிகள் துளியும் கலங்கல் இல்லாத நீரிலும் இருக்கலாம். அவற்றுக்கு நிறமோ வாடையோ சுவையோ கிடையாது.

1854-இல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது, பிராட் தெருவிலிருந்த அடிகுழாயின் நீரே காரணம் என்பதை மருத்துவர் ஜான் ஸ்னோ, இறந்தவர்களின் வீடுகளைத் தேடிச் சென்று விசாரித்து நிறுவினார். அந்த நீரின் சுவைக்காகவே அதைத் தொலைவிலுள்ள ஹாம்ப்ஸ்டெட்டுக்குத் தருவித்துக் குடித்துவந்த ஒரு பெண்மணியும் காலராவில் இறந்தார். அவர் வாழ்ந்த பகுதியில் வேறு எவருக்கும் காலரா இல்லாதது ஸ்னோவின் முடிவுக்கு மிக வலுவான சான்றாயிற்று. கண்ணையும் நாக்கையும் நம்பிக் குடிநீரைத் தேர்ந்தெடுப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை.

2. சுத்திகரிப்பு நிலையத்தில் உண்மையில் என்னதான் செய்கிறார்கள்?

ஆற்றிலோ ஏரியிலோ எடுத்த நீர் முதலில் கம்பித் தடுப்புகளைக் கடந்து வருகிறது. பிறகு அதில் படிகாரம் போன்ற ஒரு திரட்டும் பொருளைக் கலக்கிறார்கள். களிமண் துகள்கள் மிக நுண்ணியவை என்பதோடு, எல்லாமே எதிர்மின்னூட்டம் கொண்டவை என்பதால் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு நாள்கணக்கில் மிதந்தபடியே இருக்கும். படிகாரம் அந்த மின்னூட்டத்தைச் சமன்செய்து துகள்களைத் திரள்களாக ஒட்டச் செய்கிறது. படிவுத் தொட்டியில் சில மணி நேரம் நீர் தங்கும்போது திரள்கள் அடியில் இறங்குகின்றன. மேலே தெளிந்த நீர் மணல் வடிகட்டிக்குப் போகிறது. அதன்பின் குளோரின் சேர்த்து, மூடிய தொட்டியில் குறைந்தது அரை மணி நேரம் நிறுத்தி, ஊருக்கு அனுப்புகிறார்கள். ஆழ்துளைக் கிணற்று நீருக்கு இத்தனை படிகள் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. இரும்புச் சத்து மிகுந்திருந்தால் காற்றூட்டி வடிகட்டுவார்கள், குளோரின் சேர்ப்பார்கள்.

படிகாரத்தின் அளவு ஒரே சீராக இருப்பதில்லை. ஆய்வகத்தில் ஆறு கண்ணாடிக் குவளைகளில் அன்றைய நீரை நிரப்பி, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவு படிகாரக் கரைசலை விட்டு, ஒரு நிமிடம் வேகமாகவும் பிறகு சுமார் 20 நிமிடம் மெதுவாகவும் கலக்கி நிறுத்துவார்கள். ஒரு குவளையில் நீர் மங்கலாகவே நிற்கும். அடுத்ததில் ஊசிமுனை அளவுத் திரள்கள் கீழே இறங்காமல் நடுவில் தொங்கும். இன்னொன்றில் பெரிய திரள்கள் சில நிமிடங்களில் அடியில் அமர்ந்துவிட, மேலே நீர் பளிச்சென்று தெரியும். அந்தக் குவளையில் இட்ட அளவுதான் அன்றைக்கு உரியது. புதுவெள்ளம் வந்த நாளில் இந்தச் சோதனையைச் செய்யாமல் நேற்றைய அளவையே போட்டால், அடுத்து வரும் எல்லாப் படிகளும் தடுமாறும்.

3. படிகாரம் போடுகிறார்களே, அது உடம்புக்குக் கெடுதல் இல்லையா?

சரியான பி.எச். (நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) அளவில் படிகாரத்திலுள்ள அலுமினியம் கரையாத பொருளாக மாறி, வண்டலோடு சேர்ந்து வெளியேறிவிடுகிறது. நன்றாக நடத்தப்படும் பெரிய நிலையங்களில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்குள்ளும், சிறிய நிலையங்களில் 0.2 மில்லிகிராமுக்குள்ளும் எஞ்சிய அலுமினியத்தை நிறுத்த முடியும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. அளவு தவறிப் போடும்போதுதான் சிக்கல். அதைத் தடுக்கவே முந்தைய பதிலில் சொன்ன குவளைச் சோதனை நடக்கிறது.

4. மணலில் இருக்கும் இடைவெளி கிருமியைவிடப் பெரிதாயிற்றே, அது எப்படிக் கிருமியைத் தடுக்கும்?

நியாயமான கேள்வி. மணல் வடிகட்டி சல்லடையாக வேலை செய்வதில்லை. மின்னூட்டம் நீங்கிய துகள்களும் அவற்றோடு ஒட்டியிருக்கும் கிருமிகளும் மணலின் இண்டு இடுக்குகளில் வளைந்து செல்லும்போது மணல் பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. திரட்டுதல் ஒழுங்காக நடக்காவிட்டால் வேக மணல் வடிகட்டியால் பெரும் பயன் இல்லாமல் போவது இதனால்தான். மெதுவடிகட்டி வேறு வகை. அதில் மணிக்கு 0.1 முதல் 0.3 மீட்டர் வேகத்தில் மட்டுமே நீர் கீழிறங்கும். மணலின் மேற்பரப்பில் நுண்ணுயிர்கள் அடர்ந்த ஒரு படலம் உருவாகி, நோய்க்கிருமிகளை அதுவே தின்று அழிக்கிறது.

இதன் வலிமையை உலகம் 1892-இல் கண்டது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் எல்பே ஆற்று நீரை வடிகட்டாமல் வழங்கியது. காலராவில் சுமார் 8,600 பேர் இறந்தார்கள். அதை ஒட்டியே இருந்த ஆல்டோனா நகரம், ஹாம்பர்க்கின் கழிவுகள் கலந்த பிறகு கீழ்ப்பகுதியில் அதே ஆற்றிலிருந்து நீர் எடுத்தும், மணலில் வடிகட்டி வழங்கியதால் பெருமளவு தப்பியது.

வேக வடிகட்டியை அவ்வப்போது கீழிருந்து மேலாக நீர் செலுத்திக் கழுவுவார்கள். கழுவி முடித்த உடனே வரும் நீர் சற்றுக் கலங்கலாக இருக்கும். அதை ஊருக்கு அனுப்பாமல் சிறிது நேரம் வெளியேற்றிவிடுவது நல்ல நிலையத்தின் அடையாளம்.

5. இவ்வளவு வடிகட்டிய பிறகும் குளோரின் எதற்கு?

இரண்டு காரணங்கள் உண்டு. வடிகட்டி கிருமிகளைப் பெருமளவு குறைக்கும், ஆனால் முற்றாக நீக்காது. அடுத்தது, நிலையத்தில் தூய்மையான நீர் வீடு வந்து சேரும்வரை வழியில் புகும் கிருமிகளை எதிர்கொள்ள ஏதாவது ஒன்று நீரோடு கூடவே வர வேண்டும். அதுவே எஞ்சிய குளோரின்.

நீரில் இடும் குளோரினில் ஒரு பங்கு, அதிலுள்ள இரும்பு, அம்மோனியா, கரிமப் பொருள்கள் ஆகியவற்றோடு வினைபுரிந்து தீர்ந்துவிடும். அந்தத் தேவை நிறைவேறிய பின் மீதம் நிற்பதே நம்மைக் காக்கிறது. பி.எச். 8-க்குக் குறைவான நீரில், 30 நிமிடம் கழித்து லிட்டருக்கு 0.5 மில்லிகிராமாவது குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பதும், வீட்டுக் குழாயை எட்டும்போது 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பதும் உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். நீர் கலங்கலாக இருந்தால் துகள்களுக்குள் கிருமிகள் ஒளிந்துகொள்ளும் என்பதால், வடிகட்டாத நீரில் குளோரினை மட்டும் அள்ளிக் கொட்டுவது தீர்வாகாது.

6. குளோரின் வாடை அடித்தால் அளவுக்கு மீறிப் போட்டுவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்?

பெரும்பாலும் அப்படி இல்லை. வாழ்நாள் முழுதும் குடித்தாலும் தீங்கில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த உச்ச அளவு லிட்டருக்கு 5 மில்லிகிராம். ஆனால் அதில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே பலருடைய மூக்கு கண்டுகொள்ளும். தவிர, நீச்சல் குளத்தில் வருவது போன்ற நெடி, குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்து உண்டாகும் சேர்மங்களிலிருந்தும் வரக்கூடும். அந்நிலையில் குளோரின் கூடியதைவிட, நீரின் தேவைக்குப் போதாமல் போனதே காரணமாக இருக்கலாம்.

வாடை பிடிக்காதவர்கள் குடிநீரை வாயகன்ற பாத்திரத்தில் ஊற்றி, துணியால் மூடிச் சில மணி நேரம் வைத்தால் அது தணியும். ஆனால் வாடை போனதென்றால் பாதுகாப்பும் போய்விட்டது என்பதால் அந்த நீரை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். வழக்கமாக மெல்லிய வாடையோடு வரும் நீரில் சில நாள்களாக எதுவுமே தெரியவில்லை என்றால்தான் நான் அதிகம் கவலைப்படுவேன்.

7. குளோரினால் புற்றுநோய் வரும் என்கிறார்களே?

இந்த அச்சத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. நீரிலுள்ள கரிமப் பொருள்களோடு குளோரின் வினைபுரிந்தால் குளோரோஃபார்ம் உள்ளிட்ட டிரைஹாலோமீத்தேன்கள் என்ற, புற்றுநோய் ஐயத்துக்குரிய சேர்மங்கள் உண்டாகின்றன என்பதை 1974-இல் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் குடிநீரை ஆராய்ந்து யோகானஸ் ரூக் வெளியிட்டார். அதன்பின் பல நாடுகள் இவற்றுக்கு வரம்பு விதித்தன. குளோரோஃபார்முக்கு உலகச் சுகாதார நிறுவனம் தரும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 0.3 மில்லிகிராம்.

அதே நிறுவனம், இந்தத் துணைப்பொருள்களின் அபாயம் கிருமி நீக்கம் செய்யாத நீரின் அபாயத்தைவிட மிகச் சிறியது என்றும், இவற்றைக் குறைப்பதற்காகக் கிருமி நீக்கத்தில் கைவைக்கக் கூடாது என்றும் தெளிவாகச் சொல்கிறது. குளோரின் இடுவதற்கு முன்பே திரட்டியும் வடிகட்டியும் கரிமப் பொருள்களை அகற்றிவிடுவதே சரியான வழி.

8. அப்படியானால் குளோரினுக்குப் பதிலாக யு.வி. (புற ஊதா ஒளி) அல்லது ஓசோன் போதாதா?

குளோரினுக்கு அடங்காத கிருமிகளும் உண்டு. 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி, குளோரின் கலந்த நீரிலேயே பரவி, ஏறத்தாழ 4,03,000 பேருக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கியதாக மதிப்பிடப்பட்டது. அந்த நாள்களில் ஒரு நிலையத்தின் வடிகட்டிய நீரில் கலங்கல் கூடியிருந்தது. இந்த ஒட்டுண்ணியை யு.வி. ஒளி எளிதில் செயலிழக்கச் செய்யும். ஓசோனும் ஓரளவு பயன்படும். ஆனால் இரண்டுக்கும் எச்சம் கிடையாது. விளக்கைக் கடந்த மறு நொடி நீர் பாதுகாப்பின்றி நிற்கும். எனவே குழாய் வழியாக ஊருக்குப் போகும் நீருக்கு இவற்றைச் சேர்த்தாலும், ஐந்தாம் பதிலில் சொன்ன எஞ்சிய குளோரினைப் பொதுவாக விட்டுவிடுவதில்லை. குழாய்களைச் சிறப்பாகப் பராமரிக்கும் மிகச் சில இடங்களே இதற்கு விலக்கு.

9. நிலையத்தில் நல்ல தண்ணீராகப் புறப்படுவது வீட்டுக் குழாயில் எப்படிக் கெட்டுப்போகிறது?

எல்லாக் கேள்விகளிலும் இதையே முதன்மையானதாகக் கருதுகிறேன். குழாயில் அழுத்தம் இருக்கும் வரை, எங்காவது விரிசல் இருந்தாலும் நீர் வெளியே கசியுமே தவிர, வெளியிலுள்ளது உள்ளே வராது. நீர் விடுவதை நிறுத்தியதும் குழாய் காலியாகி அழுத்தம் விழுகிறது. அப்போது அதே விரிசலின் வழியே சுற்றியுள்ள மண்ணில் ஊறிநிற்கும் நீர் உள்ளே நுழைகிறது. பக்கத்தில் கழிவுநீர்க் குழாயும் கசிந்துகொண்டிருந்தால் நுழைவது என்ன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சில மணி நேரம் மட்டும் நீர் விடும் முறையில் இது ஒவ்வொரு நாளும் நடக்கக்கூடியது. மீண்டும் நீர் விட்டவுடன் முதல் சில நிமிடங்களில் வருவதைக் குடிக்கவோ சமைக்கவோ பிடிக்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

பிரதானக் குழாயோடு நேராக மோட்டாரை இணைத்து உறிஞ்சுவது இந்த ஆபத்தைப் பல மடங்காக்குகிறது. ஒரு வீட்டுக்காரர் கூடுதலாக இரண்டு குடம் பெறுவதற்காகத் தெரு முழுவதன் குழாயிலும் அழுத்தத்தைக் குறைத்து, கசிவுகள் வழியாக அழுக்கை உள்ளே இழுக்கிறார். இதில் எந்தச் சமாதானத்தையும் என்னால் ஏற்க முடியவில்லை.

வீட்டுக்குள்ளும் இதே விதி பொருந்தும். ரப்பர் குழாயின் ஒரு முனை சோப்பு நீர் நிரம்பிய வாளியில் முங்கியிருக்கும்போது அழுத்தம் விழுந்தால், வாளியிலுள்ளது குடிநீர்க் குழாய்க்குள் பின்னோக்கி ஏறும். தொட்டியின் நீர்மட்டம் உயரக்கூடிய எல்லைக்கு மேலே, குழாயின் விட்டத்தைப் போல் இரு மடங்கு இடைவெளியாவது விட்டுக் குழாய்வாயை அமைத்தால் இது நடக்காது.

10. சில நேரம் பால் போல வெள்ளையாக வருகிறது, சில நேரம் செம்மண் நிறமாக வருகிறது. குடிக்கலாமா?

வெள்ளையாக வந்தால் ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து அசைக்காமல் வையுங்கள். அடியிலிருந்து மேலாகத் தெளிந்துகொண்டே வந்து ஓரிரு நிமிடங்களில் முழுதும் தெளிந்துவிட்டால், அது நுண்ணிய காற்றுக் குமிழ்களே, தீங்கில்லை. மேலிருந்து கீழாகத் தெளிந்து அடியில் வண்டல் தங்கினால் அது வேறு பொருள், குடிக்க வேண்டாம்.

செம்மண் நிறம் பெரும்பாலும் பழைய இரும்புக் குழாயின் துருவோ, குழாயின் அடியில் படிந்திருந்த இரும்பு, மாங்கனீஸ் வண்டலோதான். நீரோட்டம் திடீரென்று கூடும்போதோ திசை மாறும்போதோ அது கிளம்பி வருகிறது. தெளியும்வரை திறந்துவிட வேண்டும். சாக்கடை வாடையோடு கறுத்து வந்தால் காத்திருக்காமல் உடனே குடிநீர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

11. குழாயில் நன்றாகத்தான் வருகிறது. வீட்டுத் தொட்டியில் ஏற்றிய பிறகு கெடுமா?

கெடும். தொட்டியில் நிற்க நிற்க எஞ்சிய குளோரின் குறைந்துகொண்டே போகும். வெயில் அதை இன்னும் விரைவுபடுத்தும். மூடி சரியாகப் பொருந்தாத தொட்டியிலும், வலை கட்டாத வழிந்தோடு குழாயிலும் பல்லி, பறவை எச்சம், கொசு என எல்லாமே நுழையும். தரைக்குக் கீழுள்ள தொட்டியின் சுவரில் விரிசல் இருந்தால், ஒன்பதாம் பதிலில் குழாய்க்குச் சொன்னது இதற்கும் பொருந்தும்.

வண்டலை அகற்றித் தேய்த்துக் கழுவிய பின், தொட்டியை நிரப்பி லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் இருக்குமாறு பிளீச்சிங் பவுடரைக் கலந்து ஒரு நாள் விட்டு, அந்த நீரை முழுவதும் வெளியேற்றிவிட்டுப் பயன்படுத்தலாம். 33 சதவீதம் குளோரின் உள்ள பவுடர் என்றால் 1,000 லிட்டருக்குச் சுமார் 150 கிராம் தேவைப்படும். திறந்து வைத்த பவுடர் விரைவில் வீரியம் இழந்துவிடும். அதை அமிலத்தோடு எக்காரணம் கொண்டும் கலக்கக் கூடாது. நச்சு வாயு கிளம்பும். மூடிய தொட்டிக்குள் யாரும் தனியாக இறங்கக் கூடாது.

12. கொதிக்க வைத்தால் எல்லாம் போய்விடும்தானே?

கிருமிகள் போய்விடும், கிரிப்டோஸ்போரிடியமும் அதில் அடங்கும். நீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் கடந்தால் போதும். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேலுள்ள இடங்களில் மூன்று நிமிடம். கரைந்திருக்கும் ஆர்சனிக், ஃபுளூரைடு, நைட்ரேட், ஈயம் ஆகியவை கொதித்தாலும் போகா. நீர் ஆவியாகக் குறைவதால் அவற்றின் செறிவு சற்றுக் கூடவே செய்யும். ஆறிய நீரில் குளோரினும் இருக்காது. எனவே கொதித்த பாத்திரத்திலேயே மூடி வைத்து, கைபடாமல் ஊற்றிப் பயன்படுத்த வேண்டும்.

13. டி.டி.எஸ். மீட்டரில் எண் குறைவாகக் காட்டினால் நல்ல தண்ணீர் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. அந்தக் கருவி நீரின் மின்கடத்தும் திறனை அளந்து, கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவை மதிப்பிடுகிறது; அவ்வளவுதான். காலராக் கிருமி நிறைந்த மழைநீரிலும் அது மிகக் குறைந்த எண்ணையே காட்டும். ஈயமும் ஆர்சனிக்கும் தீங்கு செய்யும் அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராமிலேயே தொடங்குவதால் அவையும் இதற்குத் தட்டுப்படா.

நீர் உவர்ப்பாக இருந்தாலோ ஃபுளூரைடு போன்றவை மிகுந்திருந்தாலோ ஆர்.ஓ. கருவி உண்மையிலேயே பயன்படும். நல்ல நீரில் அதைப் பொருத்துவது நீரை வீணாக்குவது. குளோரினையும் நீக்கிவிடுவதால், அதன் சேமிப்புக் கலத்தைப் பராமரிக்காவிட்டால் அங்கேயே கிருமி வளரும்.

14. ஈயக் குழாய் உள்ள பழைய கட்டடத்தில் இருக்கிறோம். நிலையம் சரியாக இருந்தால் போதாதா?

போதாது. ஈயம் நீரில் சேர்வது நிலையத்தில் அல்ல, குழாயில். 2014-இல் அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரம் செலவைக் குறைப்பதற்காக ஃபிளின்ட் ஆற்று நீருக்கு மாறியது. அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருளை அதில் சேர்க்கவில்லை. குழாய்களின் உட்புறத்தில் படிந்து காத்துவந்த படலம் கரைந்து, ஈயம் வீடுகளுக்குள் வந்தது. ஆகவே நீரின் மூலத்தை மாற்றும்போதெல்லாம் அரிப்புத் தன்மையைச் சோதித்தாக வேண்டும்.

குழாயை மாற்றும்வரை, இரவு முழுதும் தேங்கிய நீரைக் காலையில் திறந்துவிட்டுப் பிறகு பிடியுங்கள். குடிக்கவும் சமைக்கவும் வெந்நீர்க் குழாயைப் பயன்படுத்த வேண்டாம், வெந்நீரில் ஈயம் கூடுதலாகக் கரையும். கைக்குழந்தைக்குப் பால் கலக்க வேறு நீரைத் தேடுவதே நல்லது.

15. டயாலிசிஸ் செய்பவர்களுக்கும் இதே தண்ணீர்தானா?

குடிப்பதற்கு ஆம், கருவிக்கு அல்ல. டயாலிசிஸில் நீர் மெல்லிய சவ்வுக்கு அப்பால் இரத்தத்தோடு நெருங்கி நிற்பதால், குளோரின், குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த சேர்மம்), அலுமினியம் அனைத்தையும் தனியாக நீக்கியாக வேண்டும். மீன் தொட்டிக்கும் குளோரினை நீக்கிய நீரே வேண்டும்.

16. சோதனை அறிக்கையில் கோலிஃபார்ம் இல்லை என்று வந்துவிட்டது. இனிக் கவலை இல்லையே?

கோலிஃபார்ம் என்ற பாக்டீரியா வகையில், மலம் கலந்ததைக் காட்டும் ஈ.கோலை 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பதே அளவுகோல். ஆனால் அந்த அறிக்கை, குறிப்பிட்ட நேரத்தில் குறிப்பிட்ட குழாயில் எடுத்த ஒரு சிறிய புட்டி நீரைப் பற்றியது. கிருமி வளர்ந்து முடிவு தெரிய ஒரு நாளாவது ஆகும் என்பதால், அது கைக்கு வரும்போது அந்த நீரை ஊரே குடித்து முடித்திருக்கும். மேலும், ஈ.கோலை இல்லை என்பது, எட்டாம் பதிலில் சொன்ன ஒட்டுண்ணியும் இல்லை என்பதற்குச் சான்றாகாது. மாதிரி எடுத்த முறையும் முக்கியம்: புட்டியில் குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்ஃபேட் இல்லாவிட்டால், ஆய்வகம் போய்ச் சேரும் வழியிலேயே கிருமிகள் இறந்து, கெட்ட நீருக்கும் நல்ல பெயர் கிடைத்துவிடும்.

கனடாவின் வாக்கர்டன் ஊரில் 2000-ஆம் ஆண்டு மே மாதம் பெருமழையில் மாட்டுச் சாணக் கழிவு ஆழமற்ற ஒரு கிணற்றுக்குள் கலந்தது. போதுமான குளோரின் இடப்படவில்லை. ஊழியர்கள் அளவிடாமலேயே குளோரின் அளவைப் பதிவேட்டில் எழுதிவந்தது விசாரணையில் தெரிந்தது. ஏழு பேர் இறந்தார்கள், 2,000-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். அன்றாடம் உண்மையாக அளந்த கலங்கல் அளவும் குளோரின் அளவும், எப்போதாவது வரும் அறிக்கையைவிட அதிகம் காப்பாற்றும்.

17. நாமே வீட்டில் எதைச் சோதிக்கலாம்?

எஞ்சிய குளோரினை. டி.பி.டி. மாத்திரை உள்ள எளிய சோதனைப் பெட்டி போதும். சிறு குழலில் நீரைப் பிடித்து மாத்திரையை நசுக்கிப் போட்டுக் குலுக்கினால் இளஞ்சிவப்பு நிறம் தோன்றும். ஒரு நிமிடத்துக்குள் வண்ண அட்டையோடு ஒப்பிட வேண்டும், தாமதித்தால் குளோரமினும் சேர்ந்து நிறத்தைக் கூட்டிக் காட்டும். நிறமே வராவிட்டால் பெரும்பாலும் குளோரின் இல்லை என்று பொருள். அளவுக்கு மீறி மிகுந்திருந்தாலும் நிறம் வெளுத்துவிடும் என்பதால், ஐயம் வந்தால் நீரைப் பாதியாக நீர்த்து மறுபடி பாருங்கள்.

தெருக்குழாயிலிருந்து நேராக வரும் நீரையும், தொட்டி வழியாக வரும் நீரையும் தனித்தனியே சோதியுங்கள். முதலாவதில் குளோரின் இருந்து இரண்டாவதில் இல்லை என்றால் கவனிக்க வேண்டியது உங்கள் தொட்டி. இரண்டிலுமே இல்லை என்றால் பக்கத்து வீடுகளிலும் பாருங்கள். புகார் கொடுக்கும்போது நாள், நேரம், நீர் விடத் தொடங்கி எவ்வளவு நேரம் ஆயிற்று, எந்தக் குழாய், எத்தனை வீடுகளில் இப்படி என்பவற்றை எழுதிக் கொடுத்தால், கசிவு எந்த வால்வுக்கும் எந்த வால்வுக்கும் இடையில் இருக்கிறது என்பதைப் பராமரிப்புப் பணியாளர்கள் விரைவில் கண்டுபிடிக்க முடியும்.